ஓடுற காளைக்கு டாக்டர் உண்டு, விழுந்த பசுவுக்கு?

வழக்கமா இங்க செண்பகத்தோப்பு அணை நிரம்பின கதை, ரேணுகாம்பாள் கோயில் ஆடி வெள்ளிக் கூட்டம், சம்புவராயர் காலத்துக் கல்வெட்டுன்னு எதையாவது எழுதிட்டிருப்பேன். இன்னிக்கு அதெல்லாம் இல்லை. இன்னிக்குக் கோவம். (மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், அடுத்த வாரம் வாங்க.)

சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். நம்ம அரசாங்கம் மாட்டுக்கு ஆஸ்பத்திரி கட்டியிருக்கு, டாக்டர் போட்டிருக்கு, வண்டி வாங்கியிருக்கு, மாட்டோட காதுல நம்பர் கூட மாட்டியிருக்கு. ஆனா ராத்திரியிலயோ லீவு நாள்லயோ மாடு விழுந்துட்டா, வர வேண்டியவர் இன்னார்தான்னு ஒருத்தரை மட்டும் கைகாட்டி வைக்கலை. அந்த ஒண்ணு இல்லாததால மத்தது எல்லாம் இருந்தும் மாடு சாகுது. எங்க வீட்டு மாடு செத்துச்சு.

முதல்ல வியாதியைப் பத்தி நாலு வரி. பட்டணத்து நண்பர்களுக்காக.

பால் காய்ச்சல்னு பேரு. பேர்லதான் காய்ச்சல், நிஜத்துல உடம்பு சில்லிட்டுப் போகும். நல்லா கறக்குற மாட்டுக்கு, அதுவும் மூணாவது ஈத்து தாண்டினதுக்கு, கன்னு போட்ட ரெண்டு மூணு நாளைக்குள்ள வரும். கன்னு போட்டதும் மடியில திடீர்னு பால் சுரக்க ஆரம்பிக்குது. அதுக்கு வேண்டிய கால்சியம் ரத்தத்துல இருந்து போகுது. எலும்புல இருந்து எடுத்து ஈடு கட்டறதுக்கு உடம்புக்கு அவகாசம் பத்தலை. கால்சியம் இல்லேன்னா தசை வேலை செய்யாது. மாடு முதல்ல தள்ளாடும். அப்புறம் உக்காந்துடும், எழுந்திருக்காது. கழுத்தை மடிச்சு தலையை விலாப் பக்கம் சாய்ச்சுக்கும். சாணி போடாது, வயிறு உப்பும். வைத்தியம் பண்ணாம விட்டா பல நேரம் ஒரே நாள்ல முடிஞ்சுடும்.

இது ஏதோ புதுசா வந்த மர்ம வியாதின்னு நினைச்சுக்காதீங்க. 1897-லயே டென்மார்க்ல ஷ்மிட்னு ஒரு கால்நடை மருத்துவர் மடிக்குள்ள மருந்து செலுத்திப் பாத்தார். அப்புறம் வெறும் காத்தை மடியில அடைச்சே மாடுகளைப் பிழைக்க வெச்சாங்க. 1925-ல எடின்பரோவுல ட்ரையர், கிரெய்க்னு ரெண்டு பேர் இதுக்குக் காரணம் கால்சியம் குறையறதுதான்னு சொன்னாங்க. 1930-கள்ல இருந்து கால்சியம் போரோகுளுக்கோனேட் புழக்கத்துல இருக்கு. 450 மில்லி பாட்டில், விலை சில நூறு ரூபாய். கழுத்து நரம்புல மெதுவா ஏத்தணும். நேரத்துல ஏத்தினா ஏப்பம் விடும், சாணி போடும், பல மாடுகள் கொஞ்ச நேரத்துலயே எழுந்து நின்னுடும். அவசரப்பட்டு வேகமா ஏத்தினா இதயம் நின்னுடும். அதனாலதான் நெஞ்சுல ஸ்டெத்தை வெச்சுக்கிட்டு ஏத்தத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்.

ஆக, வியாதிக்கு மருந்து கண்டுபிடிச்சு நூறு வருஷம் ஆகப்போகுது. மருந்து கடையில இருக்கு. வேண்டியது ஏத்துறதுக்கு ஒரு ஆள். இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

2025 பொங்கல். ஜனவரி 14 சாயந்தரம் எங்க செவலை மூணாவது ஈத்து கன்னு போட்டுச்சு. ஜெர்சி கலப்பு. கிடேரிக் கன்னு, நஞ்சுக்கொடி ஒழுங்கா விழுந்துச்சு, எல்லாம் நல்லபடி. மறுநாள் மாட்டுப் பொங்கல். கொம்புக்கு பெயிண்ட் அடிச்சு, மாலை போட்டு, கற்பூரம் காட்டியாச்சு. மத்தியானம் பாத்தா நடையில ஒரு தடுமாற்றம். நாலு மணிக்கு உக்காந்துடுச்சு. அம்மா போய் காதைத் தொட்டுப் பாத்துட்டு, "ஜில்லுனு கீதுடா, பால் காய்ச்சல்டா இது, ஓடிப்போய் டாக்டரை இட்டுனு வா"ன்னாங்க. பள்ளிக்கூடமே முடிக்காத அம்மா. முந்தின வருஷம் பக்கத்து வீட்டு மாட்டுக்கு டாக்டர் பாட்டில் ஏத்தி, அரை மணி நேரத்துல அது எழுந்து நின்னதை கண்ணால பாத்தவங்க.

பைக்கை எடுத்துக்கிட்டு மருந்தகத்துக்குப் போனேன். (எந்த ஊர் மருந்தகம்னு எழுத மாட்டேன். இது ஒரு கட்டடத்தைப் பத்தின பதிவு இல்லை.) பூட்டு. பலகையில நேரம் எழுதியிருக்கு, காலை எட்டு முதல் பன்னிரண்டு, மாலை மூணு முதல் அஞ்சு. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்கிற இடத்துல பெயிண்ட் உரிஞ்சு போயிருக்கு. டீக்கடையில கேட்டு உதவியாளர் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். பாவம், நல்ல மனுஷன், எடுத்தார்.

"டாக்டரு ஊர்ல இல்ல சார். மாடு வுடற திருவிழா டூட்டி போட்டுக்கீறாங்க. போன் எடுக்க மாட்டாரு, அங்க சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

"நாளைக்கு வருவாரா?"

"நாளைக்கும் ஒரு ஊர்ல கீது சார்."

சரின்னு டவுன்ல ஒரு தனியார் கிளினிக்குக்குப் போன் பண்ணேன். வாசல்ல பெரிய போர்டு, 'அனைத்து விலங்குகளுக்கும் சிகிச்சை'ன்னு நானே பாத்திருக்கேன். எடுத்த பொண்ணு ரொம்ப மரியாதையா சொல்லிச்சு: "சார், நாங்க பெட்ஸ் மட்டும்தான் பாக்கறோம். மாடு பாக்கறதில்லை." டாக்டர்கிட்ட ஒரு நிமிஷம் பேசலாமான்னு கேட்டேன். "டாக்டர் கன்சல்டேஷன்ல இருக்கார், நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் போடட்டுமா?" எதுக்குங்க அப்பாயின்ட்மென்ட்? நானூறு கிலோ மாட்டைத் தூக்கிக்கிட்டு வந்து சோபாவுல உக்கார வைக்கவா? அந்த போர்டுல 'நாய், பூனைக்கு மட்டும்'னு ஒரு வரி எழுதியிருந்தா எனக்கு இருபது நிமிஷம் மிச்சமாகியிருக்கும். அன்னிக்கு இருபது நிமிஷம்ங்கறது சின்ன விஷயம் இல்லை.

மருந்துக்கடை திறந்திருந்துச்சு. பாட்டில் வாங்கிட்டு வந்தேன். கையில மருந்து இருக்கு, ஏத்த ஆள் இல்லை.

ஒன்பது மணிக்கு, ஊர் ஊரா ஊசி போடுறவர் ஒருத்தர் கிடைச்சார். பாட்டிலைப் பாத்துட்டு, "இது நரம்புல போடறது, டாக்டரு வேலை, நின்னு போச்சுன்னா என்னைக் கேப்பீங்க"ன்னு ஒதுக்கி வெச்சார். தன்கிட்ட இருந்த ரெண்டு ஊசியைப் போட்டார். எண்ணூறு ரூபாய் வாங்கிக்கிட்டு "காலையில எழுந்துடும்"னு சொல்லிட்டுப் போனார். 1984-ம் வருஷத்து இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பண்ணலாம். மத்தவங்க சின்னச் சின்ன உதவி, அதுவும் டாக்டர் மேற்பார்வையில, மாநில அரசு அனுமதிச்சா. சட்டம் சரியாத்தான் இருக்கு. ஆனா சட்டம் சொல்ற ஆள் வராத ஊர்ல, சட்டம் வேணாம்னு சொன்ன ஆள்தான் வருவார்.

ராத்திரி மூணு மணி இருக்கும். முடிஞ்சுபோச்சு.

இனிமேத்தான் விஷயமே. பேங்க் லோன்ல வாங்கின மாடு, இன்சூரன்ஸ் இருக்கு. இன்சூரன்ஸ் பணம் வரணும்னா டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை பண்ணி சான்று தரணும், காதுல இருக்குற நம்பரைச் சரி பாக்கணும். 16-ம் தேதி காலையில மறுபடி உதவியாளருக்குப் போன். பதினோரு மணிக்கு டாக்டர் வந்துட்டார்! அடுத்த ஊர் திருவிழாவுக்குப் போற வழியில வந்தாராம். சின்ன வயசு. மூணு நாளா தூங்காத கண்ணு. திண்ணையில இருந்த பிரிக்காத பாட்டிலைப் பாத்தார். ஒண்ணும் சொல்லலை. வேலையை முடிச்சு, கையெழுத்துப் போட்டு, அம்மாகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போனார்.

அவர் மேல எனக்குக் கோவம் இல்லை. உயிரோட இருக்குற மாட்டுக்கு வர முடியாத டாக்டரை, செத்த மாட்டுக்கு வரவெச்ச ஏற்பாடு இருக்கு பாருங்க, அது மேலதான் கோவம்.

யோசிச்சுப் பாருங்க. எங்க திருவண்ணாமலை, பக்கத்துல வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல தை மாசம் முழுக்க ஊர் ஊருக்கு எருதுவிடும் விழா. 2017-ல மெரினா போராட்டத்துக்கு அப்புறம் சட்டத் திருத்தம் வந்துச்சு, விதிமுறைகள் வந்துச்சு. 2023 மே மாசம் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லியாச்சு. ஓடற காளையை கால்நடை மருத்துவர் முன்கூட்டிப் பரிசோதிக்கணும். நல்ல விதி, நான் வேணாம்னு சொல்லலை. காளைக்கும் வலிக்கும். ஆனா இருக்குற டாக்டரை அங்க அனுப்பினா, அவர் விட்டுட்டுப் போற ஊர்ல இருக்குற ஆயிரக்கணக்கான மாட்டுக்கு அன்னிக்கு யாரு? அந்தக் கேள்வியை விதி எழுதினவங்களும் கேக்கலை, டூட்டி போட்டவங்களும் கேக்கலை. ஓடுற காளைக்கு கூட்டம் இருக்கு, மேடை இருக்கு, கேமரா இருக்கு, கலெக்டர் வருவார். கொட்டாய்ல விழுந்து கிடக்குற பசுவுக்கு எங்க அம்மா மட்டும்தான் இருந்தாங்க.

இன்னொண்ணு. ஜெர்சி எங்க ஊர் மாடா? இல்லை. சமவெளிக்கு ஜெர்சி கலப்பு, மலைப்பகுதிக்கு ஃப்ரீசியன் கலப்புன்னு கொள்கை வகுத்து, சினை ஊசி போட்டு ஊர் ஊரா பரப்பினது அரசாங்கம். பால் பெருகுச்சு, குடும்பங்கள் பிழைச்சுது, உண்மைதான். ஆனா பால் காய்ச்சல் அதிகமா வர்ற இனங்கள்ல ஜெர்சி முன்வரிசைன்னு கால்நடை மருத்துவப் பாடப்புத்தகத்துலயே இருக்கு. சினைப் பருவத்துக்கு வந்திருக்குன்னு ஒரு போன் பண்ணா ஊசி போடுறவர் பைக்ல வீட்டு வாசலுக்கு வந்துடறார். அந்த ஊசியால வந்த கன்னு வளர்ந்து, கறந்து, விழுந்தா மட்டும் நாம வாசல் வாசலா அலையணும். இனத்தைக் கொண்டுவந்தவங்கதானே அதோட வியாதிக்கும் பொறுப்பு?

மாடு குடுக்கறதுல எந்த ஆட்சியும் குறை வெச்சதில்லை. 2011-ல விலையில்லா கறவை மாடு திட்டம்னு அஞ்சு வருஷத்துக்கு 60,000 மாடு, 7 லட்சம் குடும்பத்துக்கு தலா நாலு ஆடுன்னு அறிவிச்சாங்க. 2019-ல இருந்து மாட்டுக் காதுல பன்னிரண்டு இலக்க மஞ்சத் தோடு. மாடு குடுக்கறப்ப போட்டோ எடுக்கலாம். தோடு மாட்டினா டெல்லி கம்ப்யூட்டர்ல கணக்கு ஏறும். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்துல பாட்டில் ஏத்தறதை யாரு போட்டோ எடுக்கப்போறா? எங்க செவலைக்கு பன்னிரண்டு இலக்க நம்பர் இருந்துச்சு. அது விழுந்தப்ப நான் கூப்பிடறதுக்கு ஒரு பத்து இலக்க நம்பர் இல்லை.

இப்ப வழக்கமா வர்ற எதிர்வாதங்களுக்கு வருவோம். நாலு பேர்கிட்ட சொன்னதுல நாலு விதமா கேட்டாச்சு.

ஒண்ணு: "நாட்டு மாடு வளர்த்தா இந்தப் பிரச்சனையே இல்லையே?" அண்ணே, காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் எல்லாம் அருமையான மாடு. ஆனா உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது. பால் சொசைட்டியில கொழுப்பும் லிட்டரும் பாத்துத்தான் காசு. பேங்க்காரன் தவணையை காங்கேயத்தோட கம்பீரத்தைக் காட்டி கட்ட முடியாது. மெரினாவுல நாட்டு மாட்டுக்கு குரல் குடுத்த நண்பர்கள் எத்தனை பேர் வீட்டுல கொட்டாய் இருக்கு?

ரெண்டு: "நாட்டு வைத்தியம் இருக்கே?" இருக்கு. மடிநோய்க்கு சோத்துக்கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைச்சுப் போடறதை கால்நடைப் பல்கலைக்கழகமே சொல்லிக்குடுக்குது. ஆனா கால்சியம் இறங்கி, படுத்து, நினைவு தப்பற மாட்டுக்கு வாய் வழியா எதை ஊத்தினாலும் புரையேறித்தான் சாகும். எந்த வியாதிக்கு எதுன்னு தெரியறதுதான் வைத்தியம்.

மூணு: "டாக்டரும் மனுஷன்தானே, இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்ய முடியுமா?" முடியாது. செய்யச் சொல்லவும் கூடாது. 1976-லயே தேசிய வேளாண் ஆணையம் 5,000 கால்நடை அலகுக்கு ஒரு டாக்டர் வேணும்னு சொல்லிடுச்சு. நம்ம டாக்டருக்கோ தடுப்பூசி சுற்று, முகாம், பயனாளி லிஸ்ட், ரிப்போர்ட், திருவிழா டூட்டி எல்லாம் ஒரே தலையில. அதனாலதான் முறை வைக்கணும்ங்கறேன். பிரிட்டன்ல கால்நடை மருத்துவர்களோட நடத்தை விதியில, ராத்திரி பகல் எந்நேரமும் அவசர முதலுதவி கிடைக்க ஏற்பாடு பண்ணியாகணும்னு இருக்கு. ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு ராத்திரியும் முழிச்சிருக்கணும்னு அர்த்தம் இல்லை. பக்கத்து டாக்டர்களோட முறை வெச்சுக்கலாம். யாராவது ஒருத்தர் இருக்கணும், அவ்வளவுதான்.

நாலு: "1962 வண்டி இருக்கே?" நல்ல திட்டம், மனசாரச் சொல்றேன். ஒரு வண்டி, ஒரு டாக்டர், ஒரு உதவியாளர், ஒரு டிரைவர். ஆனா மத்திய அரசு வழிகாட்டுதல்ல கணக்கு என்ன தெரியுமா? ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி. ஜவ்வாது மலை ரோட்டுல, ஒரு லட்சம் உயிருக்கு ஒரு வண்டியை வெச்சுக்கிட்டு எத்தனை கொட்டாய்க்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்? 2008-ல 108 வந்தப்ப அதோட பலமே ராத்திரி பகல்னு பாக்காம ஓடினதுதான். அதே மாதிரி இதையும் ஆக்குங்க, இன்னும் வண்டி குடுங்க, நானே வாசல்ல நின்னு ஆரத்தி எடுக்கறேன்.

அப்ப என்னதான் வேணும்கிற? கேக்கறீங்க இல்ல, சொல்றேன். கோடிக்கணக்குல புதுக் கட்டடம் கேக்கலை.

ஒரு ஒன்றியத்துல இருக்குற மருந்தக டாக்டர்கள் நடுவுல ராத்திரிக்கும் லீவு நாளுக்கும் முறை வைங்க. இன்னிக்கு இன்னார்னு ஒரே ஒரு பேர், ஒரே ஒரு நம்பர். அதுக்குத் தனிப்படி குடுங்க, மறுநாள் ஓய்வு குடுங்க.

அந்த நம்பரை பூட்டின கதவுல இல்லை, பால் சொசைட்டியில எழுதி வைங்க. மாட்டுக்காரன் தினம் ரெண்டு வேளை போற இடம் அதுதான்.

திருவிழா டூட்டிக்கு அனுப்புங்க, ஆனா ஒன்றியத்துக்கு ஒரு டாக்டரையாவது எங்கயும் அனுப்பாம வைங்க. அந்த ஒருத்தர் யாருன்னு முன்னாடியே ஊருக்குச் சொல்லுங்க.

தனியார் கிளினிக்குங்க தங்களோட போர்டுல எதைப் பாப்போம், எதைப் பாக்க மாட்டோம்னு ஒழுங்கா எழுதணும். மாடு பாக்க மாட்டேங்கறது அவங்க இஷ்டம். 'அனைத்து விலங்குகளும்'னு எழுதிட்டு பாக்க மாட்டேங்கறது பித்தலாட்டம்.

கடைசியா ஒண்ணு. நம்ம மாநிலத்துல பிரசவத்துல ஒரு தாய் இறந்தா ஏன் இறந்தாங்கன்னு கூட்டம் போட்டு விசாரிக்கற வழக்கம் இருக்கு. தமிழ்நாட்டுல தாய் இறப்பு குறைஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம். கன்னு போட்ட மூணு நாளைக்குள்ள செத்த மாட்டுக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் எழுதுங்க. எத்தனை மணிக்கு விழுந்துச்சு, எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க, எத்தனை மணிக்கு யார் போனாங்க. எங்க செவலையோட சான்றுல இறப்புக்குக் காரணம் பால் காய்ச்சல்னு இருக்கு. நாலு மணிக்கு விழுந்து மூணு மணிக்குச் செத்த அந்த பதினொரு மணி நேரம் எந்தக் காகிதத்துலயும் இல்லை. காகிதத்துல வராத வரைக்கும் எந்த அதிகாரிக்கும் அது நடந்ததே இல்லை.

இன்சூரன்ஸ் பணம் நாலு மாசம் கழிச்சு வந்துச்சு, லோனுக்குப் போச்சு. கன்னுக்குட்டிக்கு பக்கத்து வீட்டு மாட்டுப் பாலை வாங்கி ஊத்தி அம்மா வளர்த்துட்டாங்க. அதுக்கும் காதுல மஞ்சத் தோடு மாட்டிட்டுப் போயிட்டாங்க, அதுல ஒரு குறையும் இல்லை. இன்னும் ரெண்டு வருஷத்துல அது கன்னு போடும். அதுக்குள்ள அந்தப் பலகையில ஒரு நம்பர் எழுதிட மாட்டாங்களான்னு பாக்கறேன்.

உங்க ஊர் பலகையில நம்பர் இருக்கா? மாடு வெச்சிருக்கறவங்க ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க. இருந்தா ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க, யாராவது எடுக்கறாங்களான்னு. எடுத்தா அந்த ஊர்ப் பேரை எனக்குச் சொல்லுங்க. திட்டறதுக்கு மட்டும் இல்லை, பாராட்டறதுக்கும் ஒரு பதிவு போட ஆசையாத்தான் இருக்கு.

டிஸ்கி: ஜல்லிக்கட்டுக்கு எதிரான பதிவு இது இல்லை. அப்படிப் படிச்சுட்டு சண்டைக்கு வர்றவங்க, முதல்ல உங்க வீட்டுப் பசு கன்னு போட்டு எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லிட்டு ஆரம்பிங்க :-)